தகப்பன் இடத்தில் நிற்கும் பள்ளி

யூதப் பள்ளிகளில் பிள்ளைகளைச் சேர்த்த பெற்றோரும், அங்கே படித்து முடித்தவர்களும் பல ஆண்டுகள் கடந்த பின்பும் பள்ளியைச் சுற்றி ஒரு சமூகமாகவே வாழ்கிறார்களே, அதற்கு என்ன காரணம், அந்த வாழ்க்கை நடைமுறையில் எப்படி அமைகிறது என்று கேட்டிருந்தீர்கள். சிறுபான்மையினர் எங்கிருந்தாலும் தங்களுக்குள் நெருங்கித்தான் வாழ்வார்கள் என்ற பொது விளக்கம் தவறானது அன்று. ஆனால் அது மட்டும் போதாது. யூத மரபில் பள்ளி என்பதே தகப்பனுக்குப் பதிலாக நிற்கும் ஓர் ஏற்பாடாகத்தான் பிறந்தது. அதை அறிந்துகொண்டால், பெற்றோருக்கும் பழைய மாணவர்களுக்கும் பள்ளியோடு உள்ள உறவில் நமக்கு வியப்பாகத் தோன்றும் பலவும் இயல்பாகிவிடும். லண்டனில் உள்ள ஜே.எஃப்.எஸ். (யூதர் இலவசப் பள்ளி என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) பள்ளியையே பெரும்பாலும் எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன். ஏறத்தாழ 300 ஆண்டு வரலாறு உள்ள பள்ளி அது. பெற்றோர் என்போர் யார், பள்ளி யாருக்குச் சொந்தம் என்ற கேள்விகள் அங்கே பல வடிவங்களில் எழுந்திருக்கின்றன.

முதலில் அந்தப் பிறப்பைச் சொல்லிவிடுகிறேன். பிள்ளைக்கு யூதரின் வேத நூலான தோராவைக் கற்பிக்கும் கடமையை வேதம் நேராகத் தகப்பன்மேல் சுமத்துகிறது. வீட்டில் இருக்கும்போதும் வழியில் நடக்கும்போதும் அதைப் பற்றிப் பிள்ளைகளிடம் பேச வேண்டும் என்று உபாகமம் ஆறாம் அதிகாரம் சொல்லும் வாசகத்தை, யூதர்கள் காலையும் மாலையும் சொல்லும் ஜெபத்திலேயே வைத்திருக்கிறார்கள். ஆனால் இதில் ஒரு குறை இருந்தது. தகப்பன் இருந்த பிள்ளை படித்தது. தகப்பனை இழந்த பிள்ளை படிக்கவில்லை. இந்தக் குறையைத் தீர்க்க எடுத்துக்கொண்ட முயற்சிகளைத் யூதச் சட்டங்களையும் அவற்றைப் பற்றிய விவாதங்களையும் தொகுத்த தால்மூத் நூலின் பாபா பத்ரா பகுதி வரிசையாகச் சொல்கிறது. முதலில் எருசலேமில் மட்டும் ஆசிரியர்களை வைத்துப் பார்த்தார்கள். அங்கேயும் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகத் தகப்பன் தேவைப்பட்டான். பிறகு மாவட்டந்தோறும் வைத்து, பதினாறு பதினேழு வயதுப் பையன்களைச் சேர்த்தார்கள். ஆசிரியர் கோபித்துக்கொண்டால் அந்த வயதுப் பையன் எழுந்து போய்விட்டான். கடைசியாகத் தலைமைக் குரு யோசுவா பென் கம்லா, ஒவ்வோர் ஊரிலும் ஆசிரியர்களை அமர்த்தி, ஆறு ஏழு வயதிலேயே பிள்ளைகளைச் சேர்க்கும்படி ஏற்பாடு செய்தார். 25 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர், 40 பேர் ஆனால் அவருக்கு ஒரு துணையாள், 50 பேர் ஆனால் இரண்டு ஆசிரியர்கள் என்ற கணக்கும் அதே இடத்தில் இருக்கிறது. இன்னோர் இடத்தில், பிறர் பிள்ளைக்குத் தோரா கற்பிப்பவன் அந்தப் பிள்ளையைப் பெற்றவனுக்கு ஒப்பாவான் என்று தால்மூத் சொல்கிறது. பள்ளியைப் பற்றிய யூதர்களின் எண்ணம் முழுவதும் இந்த ஒரு கூற்றில் அடங்கியிருப்பதாக நான் கருதுகிறேன்.

ஜே.எஃப்.எஸ். பள்ளியின் தொடக்கமும் இந்த வழியிலேயே வந்தது. 1732-இல் லண்டன் பெரிய ஜெப ஆலயத்தைச் சேர்ந்தவர்கள், ஆதரவற்ற சிறுவர்களுக்காகத் தொடங்கிய ‘தால்மூத் தோரா’ எனப்படும் சிறிய சமய வகுப்புதான் அதன் வேர். 1817-இல் அது யூதர் இலவசப் பள்ளியாக விரிவடைந்து, சில ஆண்டுகளில் கிழக்கு லண்டனில் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் பகுதியின் பெல் லேனுக்குக் குடிபெயர்ந்தது. 1881-க்குப் பிறகு ரஷ்யப் பேரரசில் நடந்த தாக்குதல்களுக்கும் வறுமைக்கும் தப்பி யூதர்கள் அலையலையாக லண்டனுக்கு வந்தபோது, தையற்கூடங்களிலும் செருப்புத் தைக்கும் பட்டறைகளிலும் உழைத்த அவர்களுடைய பிள்ளைகள் இந்தப் பள்ளியில் நிறைந்தார்கள். 1900-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அங்கே ஏறத்தாழ 4,000 பேர் படித்தார்கள். உலகின் மிகப் பெரிய பள்ளிகளில் ஒன்றாக அது பேசப்பட்டது. வங்கித் தொழில் நடத்திய ராத்ஸ்சைல்ட் குடும்பத்தார் பல தலைமுறைகளாக அதைத் தாங்கினார்கள். ஆண்டுதோறும் பிள்ளைகளுக்கு உடையும் காலணியும் வழங்கப்பட்டன. தகப்பன் செய்யக்கூடிய காரியத்தைப் பள்ளி செய்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

ஆனால் இங்கே ஒரு வேதனையும் இருந்தது. அதை மறைத்தால் விடை முழுமையாகாது. பல பத்தாண்டுகள் தலைமையாசிரியராக இருந்த மோசஸ் ஏஞ்சல், இந்தப் பிள்ளைகளை ஆங்கிலேயர்களாக ஆக்குவதே தம் பணி என்று உறுதியாக நம்பினார். வீட்டில் பேசிய இத்திஷ் மொழிக்குப் பள்ளியில் மதிப்பில்லை. மாலையில் வீடு திரும்பிய பிள்ளையின் ஆங்கிலம் தாய்க்குப் புரியவில்லை. தாயின் மொழியில் பேசப் பிள்ளை கூசியது. பள்ளியில் கிடைத்த சமயப் படிப்பு போதாது என்று எண்ணிய பெற்றோர், பள்ளி விட்டதும் பிள்ளைகளைக் ‘கேதர்’ எனப்படும் சிறு வகுப்புகளுக்கு அனுப்பினார்கள். வாடகை அறைகளில் நடந்த அந்த வகுப்புகளுக்கு, கையில் இருந்த கொஞ்சக் காசிலிருந்து கட்டணமும் கொடுத்தார்கள். இலவசப் படிப்பைப் பெற்றுக்கொண்டே அதன் குறையைத் தங்கள் கூலியிலிருந்து ஈடுசெய்த அந்தப் பெற்றோரை நான் மிகவும் மதிக்கிறேன். தகப்பன் இடத்தில் நிற்க வந்த பள்ளி, உண்மையான தகப்பனை ஒதுக்கிவிடக் கூடாது என்று அவர்கள் சங்கம் வைத்துத் தீர்மானம் போடவில்லை. மாலை வகுப்பின் மூலமாகச் சொன்னார்கள்.

பழைய மாணவர்களின் உறவும் இதே காலத்தில்தான் வேர்விட்டது. பள்ளி தன் மாணவர்களில் சிறந்தவர்களைப் பயிற்சி ஆசிரியர்களாக எடுத்துக்கொண்டு, அவர்களையே பின்னர் முழு ஆசிரியர்களாக்கியது. ஆகவே பழைய மாணவன் என்பவன் ஆண்டுக்கு ஒருமுறை விருந்துக்கு வந்துபோகும் ஆள் அல்லன். நேற்று தான் அமர்ந்திருந்த வகுப்பில் இன்று கரும்பலகை அருகே நிற்பவன். எழுத்தாளர் இஸ்ரேல் சாங்வில் அப்படித்தான் அங்கே மாணவராகவும், பயிற்சி ஆசிரியராகவும், ஆசிரியராகவும் இருந்துவிட்டுப் பின்னர் எழுத்துக்குப் போனார். கணித அறிஞர் செலிக் பிராடெட்ஸ்கி குழந்தையாக உக்ரைனிலிருந்து வந்து, அங்கே படித்து, 1908-இல் கேம்பிரிட்ஜ் கணிதத் தேர்வின் முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டார்; ஏழைக் குடியேறியின் மகன் பெற்ற அந்த வெற்றியைக் கிழக்கு லண்டன் யூதர்கள் தங்கள் வீட்டு வெற்றியாகவே கொண்டாடினார்கள். எல்லாருக்கும் அந்த வாய்ப்பு அமையவில்லை. அமெரிக்கத் தொழிலாளர் கூட்டமைப்பை 1886-இல் நிறுவிய சாமுவேல் காம்பர்ஸ் அந்தப் பள்ளியில் ஆறு வயதில் சேர்ந்து, பத்து வயதிலேயே நின்று, வேலை கற்றுக்கொள்ளப் போய்விட்டார். பதின்ம வயதில் பட்டறைக்குப் போன இத்தகைய பிள்ளைகளை வாழ்க்கை அப்படியே விழுங்கிவிடக் கூடாது என்ற கவலையிலிருந்துதான் கிழக்கு லண்டனில் யூத இளைஞர் மன்றங்கள் எழுந்தன. 1896-இல் தொடங்கிய பிராடி மன்றம் அவற்றுள் பெயர்பெற்றது. மாலையில் குத்துச்சண்டை, சதுரங்கம், படிப்பு, கோடையில் முகாம் என்று பள்ளி விட்ட இடத்திலிருந்து மன்றம் அவர்களைப் பிடித்துக்கொண்டது.

இனி அன்றாட வாழ்க்கைக்கு வருகிறேன். நீங்கள் கேட்டதில் பெரும்பகுதி இதுதான். சிறு வகுப்புகளில் வெள்ளிக்கிழமைதோறும், சனிக்கிழமை ஓய்வுநாளை வரவேற்கும் சிறு சடங்கு நடக்கும். பல பள்ளிகளில் ஒவ்வொரு வாரமும் இரு பிள்ளைகள் ‘ஓய்வுநாள் அம்மா’, ‘ஓய்வுநாள் அப்பா’ என்று முறை எடுத்துக்கொண்டு, மெழுகுவர்த்திக்கும் திராட்சை ரசத்துக்கும் ஆசி சொல்வார்கள். அந்த வாரம் அவர்களுடைய பெற்றோரும் வந்து அமர்வார்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கிய பிள்ளைக்கு முதல் ஜெபப் புத்தகத்தையும், அதற்கடுத்த கட்டத்தில் முதல் வேதப் புத்தகத்தையும் கொடுப்பதற்குத் தனித்தனி விழா உண்டு. அதற்குத் தாத்தா பாட்டியர் எவ்வளவு தொலைவிலிருந்தாலும் வந்துசேர முயல்வார்கள். பாட்டியோ தாயோ கையால் தைத்த உறையைப் புத்தகத்துக்குப் போடும் வழக்கமும் பல இடங்களில் இருக்கிறது. எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து விடுபட்டதை நினைவுகூரும் பாஸ்கா பண்டிகைக்கு முன் பள்ளியிலேயே ஒரு மாதிரி விருந்து நடத்தி, புளிப்பில்லாத அப்பத்தையும் கசப்புக் கீரையையும் வைத்துக் கதையைச் சொல்லிப் பழக்குகிறார்கள். சமய ஒழுக்கம் தளர்ந்த வீடுகளில் இந்தப் போக்குவரத்து எதிர்த்திசையில் நடக்கிறது: பள்ளியில் கற்ற பாடலைப் பிள்ளை வெள்ளிக்கிழமை இரவு வீட்டு மேசையில் பாட, பெற்றோர் பிள்ளையிடமிருந்து கற்றுக்கொள்கிறார்கள். பெல் லேனில் பிள்ளையின் படிப்பு வீட்டை விட்டு விலகியது. இங்கே அது வீட்டுக்குள் திரும்பி வருகிறது. ஒரு நூற்றாண்டுக்குள் நிகழ்ந்த இந்தத் திருப்பம் எனக்கு மிகப் பெரியதாகத் தோன்றுகிறது.

விழாக்களைவிடத் துன்ப நாள்களில்தான் இந்தச் சமூகத்தின் பலம் தெரியும். ஒரு குடும்பத்தில் மரணம் நேர்ந்தால், அடக்கத்துக்குப் பின் ஏழு நாள் துக்கம் காக்கும் அந்த வீட்டில் அடுப்பைப் பற்றிய கவலை இருக்கக் கூடாது. வகுப்புப் பெற்றோர் தங்களுக்குள் நாள் பிரித்துக்கொண்டு, கோஷர் என்னும் யூத உணவு விதிப்படி சமைத்த உணவைக் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். துக்க வீட்டில் ஜெபம் சொல்லப் பத்துப் பேர் கூட வேண்டும் என்பது விதி. அந்தப் பத்துப் பேரைச் சேர்க்கும் பொறுப்பையும் அவர்களே ஏற்பது உண்டு. பழைய மாணவர்களின் பெற்றோர் இறந்தாலும், ஒருகாலத்தில் ஒரே வகுப்பில் படித்தவர்கள் நரைத்த தலையோடு அங்கே வந்து அமர்வதைக் காணலாம். குழந்தை பிறந்த வீட்டுக்கும் இதே உணவு முறை உண்டு. புதிதாகக் குடிவந்த குடும்பத்துக்கு அந்த ஊரில் முதல் உறவினர்களாக ஆகிறவர்கள் பெரும்பாலும் வகுப்புப் பெற்றோர்களே.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். இங்கிலாந்தில் ஜே.எஃப்.எஸ். போன்ற அரசு நிதி பெறும் சமயப் பள்ளிகளில் பொதுப் பாடங்களுக்கு அரசு செலவிடுகிறது. யூதப் பாடங்களுக்கான செலவைப் பெரும்பாலும் பெற்றோர் தரும் விருப்பக் கொடையிலிருந்து ஈடுசெய்ய வேண்டியிருக்கிறது. கொடுக்க இயலாதவரின் பிள்ளையை அதற்காக நீக்க முடியாது என்பதால், கொடுக்கக்கூடியவர் கொடுத்தே ஆக வேண்டிய மனக்கடமை உண்டாகிறது. அமெரிக்காவிலோ யூத நாள்பள்ளிகள் தனியார் பள்ளிகள். கட்டணம் நடுத்தரக் குடும்பங்களை வாட்டும் அளவுக்கு உயர்ந்திருக்கிறது. அங்கே ஆண்டு விருந்து ஒரு பெரிய நிகழ்வு. ஒரு குடும்பத்தையோ ஆசிரியரையோ மேடையில் பாராட்டி, வாழ்த்துகளை அச்சிட்ட மலர் ஒன்றை வெளியிட்டு, அந்த வாழ்த்துகளுக்குக் கிடைக்கும் தொகையை இயலாத பிள்ளைகளின் கட்டணத்துக்குத் திருப்புகிறார்கள். பழைய மாணவர்களின் கொடை இங்கேதான் வெளிப்படுகிறது. ஆனால் இதில் ஓர் ஆபத்தும் இருப்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்: கொடை பெரிதாகும் இடத்தில் கொடுத்தவர் குரலும் பெரிதாகிவிடும், கட்டணச் சலுகை கேட்டு வருமானக் கணக்கைக் குழுவின்முன் வைக்கும் பெற்றோருக்கு அது எளிதான அனுபவம் அன்று.

பெற்றோர் சுமக்கும் இன்னொரு கடமை, நம்மில் பலர் நினைத்துப் பார்த்திராதது. இங்கிலாந்தின் யூதப் பள்ளிகளில் வாசலில் பயிற்சி பெற்ற காவலர்கள் நிற்கிறார்கள். பல இடங்களில் பெற்றோரும் முறைவைத்து அவர்களோடு நிற்கிறார்கள். 2012 மார்ச் 19 அன்று பிரான்சின் துலூஸ் நகரில் ஒரு யூதப் பள்ளி வாசலில் ஓர் ஆசிரியரும் மூன்று குழந்தைகளும் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு, ஐரோப்பாவில் எந்த யூதப் பெற்றோருக்கும் இது வெறும் ஏட்டுக் கவலையாக இருக்கவில்லை. காலையில் வேலைக்குப் போகுமுன் ஒரு தகப்பன் அடையாளச் சட்டை அணிந்து பள்ளிக் கதவருகே அரைமணி நேரம் நிற்கிறார். அங்கே உடன் நிற்பவரோடு அவருக்கு உண்டாகும் நட்பு, எந்தக் கூட்டத்திலும் உண்டாகக்கூடியதைவிட ஆழமானது. இந்த நெருக்கத்துக்கு அச்சமும் ஒரு காரணம் என்பதைச் சொல்லாமல் விட்டால் அது நேர்மை ஆகாது.

இப்படிப்பட்ட சமூகத்துக்குள் யார் வரலாம் என்ற கேள்வி ஒருநாள் எழுந்தே தீரும். ஜே.எஃப்.எஸ். பள்ளியில் அது வழக்காகவே எழுந்தது. இடத்துக்கு மேல் விண்ணப்பங்கள் வந்தபோது, தலைமை ரபியின் (யூதச் சமயத் தலைவரின்) அலுவலகம் யூதர் என்று ஏற்றுக்கொண்ட பிள்ளைகளுக்கே பள்ளி முன்னுரிமை கொடுத்தது. மரபுவழி யூதச் சட்டப்படி தாய் யூதராக இருக்க வேண்டும், அல்லது மரபுவழி முறையில் மதம் மாறியிருக்க வேண்டும். ஒரு சிறுவனின் தந்தை பிறப்பால் யூதர். தாய் கத்தோலிக்கராக இருந்து, மரபுவழி அல்லாத ஜெப ஆலயத்தின் வழியாக யூதரானவர். குடும்பம் சமயத்தைக் கடைப்பிடித்து வாழ்ந்தும் பையனுக்கு இடம் கிடைக்கவில்லை. 2009 டிசம்பர் 16 அன்று பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ஒன்பது நீதிபதிகளில் ஐவர், இது இனப் பிறப்பின் அடிப்படையிலான நேரடிப் பாகுபாடு என்றார்கள். பள்ளி நிர்வாகத்தையோ தலைமை ரபியையோ ஒழுக்க நோக்கில் இனவெறியர் என்று யாரும் கருதவில்லை என்பதையும் தீர்ப்பு தெளிவாகக் கூறியது.

சட்ட நூல்கள் இதோடு நின்றுவிடுகின்றன. பெற்றோர் வாழ்க்கையில் நடந்தது இதற்குப் பிறகுதான். பிறப்பைப் பார்க்கக் கூடாது என்றானதும், யூதப் பள்ளிகள் நடைமுறையைப் பார்க்கத் தொடங்கின. ஜெப ஆலயத்துக்கு எத்தனை முறை வந்தார்கள், பிள்ளைக்கு முன்பே யூதக் கல்வி கொடுத்தார்களா, சமூகப் பணியில் பங்கெடுத்தார்களா என்பதற்கான சமய நடைமுறைச் சான்றிதழ் தேவைப்பட்டது. ஆண்டுக்கு இரண்டு மூன்று பெருநாள்களில் மட்டும் தலைகாட்டிய குடும்பங்கள், கைக்குழந்தை வண்டிகளோடு ஓய்வுநாள் காலையில் ஆலயத்துக்கு வந்தன. ஓய்வுநாளில் எழுதுவதற்குத் தடை உண்டு என்பதால், பேனா எடுக்காமலே வருகையைப் பதிவு செய்ய வழி காண வேண்டியிருந்தது. பள்ளி இடத்துக்காக வருவது வழிபாடாகுமா என்று மனம் நொந்தவர்கள் உண்டு. எந்தக் காரணத்துக்காக வந்தாலும் வந்தவர்களை வரவேற்போம் என்ற ரபிகளும் உண்டு. தவறான நோக்கத்தோடு தொடங்கினாலும் செய்துகொண்டே போனால் சரியான நோக்கம் வந்துசேரும் என்று தால்மூத்திலேயே ஒரு கூற்று இருப்பதால், இரண்டாம் தரப்பாருக்கே நான் ஆதரவு. ஆயினும் ஓய்வுநாளிலும் வேலைக்குப் போக வேண்டிய தாய்க்கு இந்தக் கணக்கு எவ்வளவு கடினம் என்பதையும் நினைத்துப் பார்க்கிறேன்.

பள்ளிக்கு இடமே இல்லாமல் போனால் இந்த உறவு என்னவாகும் என்பதற்கும் ஜே.எஃப்.எஸ். விடை தந்திருக்கிறது. 1939 செப்டம்பரில் போர் வெடித்தபோது பிள்ளைகள் கேம்பிரிட்ஜ்ஷயரின் ஈலி நகரத்துக்கும் சுற்றுக் கிராமங்களுக்கும் அனுப்பப்பட்டார்கள். யூதரையே பார்த்திராத கிறித்தவக் குடும்பங்கள் அவர்களைத் தங்கள் வீட்டில் வைத்துக்கொண்டன. பெல் லேன் கட்டடம் குண்டுவீச்சில் அழிந்தது. போர் முடிந்தும் பள்ளி உடனே திறக்கவில்லை. 1958-இல்தான் வடக்கு லண்டனில் கேம்டன் டவுனில் மீண்டும் உயிர்பெற்றது. இடையே 13 ஆண்டுகள் அதற்குக் கட்டடமும் இல்லை, வகுப்பும் இல்லை. பெயரும், அறக்கட்டளைப் பணமும், அங்கே படித்தவர்களின் நினைவும் மட்டுமே இருந்தன. அவை போதுமாக இருந்தன. யூதக் குடும்பங்கள் மேலும் வடமேற்கே நகர்ந்தபோது, 2002-இல் பள்ளியும் கென்டன் பகுதிக்கு நகர்ந்தது. இன்று அங்கே ஏறத்தாழ 2,000 பேர் படிக்கிறார்கள்.

நம் நாட்டிலிருந்து ஓர் எடுத்துக்காட்டைச் சொல்ல வேண்டும். லண்டனில் நடக்காத ஒன்று அங்கே நடந்திருக்கிறது. 1798-இல் சிரியாவின் அலெப்போவிலிருந்து வந்த ஷாலோம் கோஹனில் தொடங்கி, பாக்தாத் யூதர்கள் கல்கத்தாவில் ஒரு செழித்த சமூகமாக வளர்ந்தார்கள். 1881-இல் அவர்கள் யூதப் பெண்கள் பள்ளியைத் தொடங்கினார்கள். ரஹ்மா லட்டி என்ற தலைமையாசிரியை ஒரு தலைமுறைக்கு மேல் அதை நடத்தி, ‘மிஸ் லட்டி’ என்றே அறியப்பட்டார். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பர்மாவிலிருந்து ஓடிவந்தவர்களையும் சேர்த்து, அந்நகரின் யூதர் தொகை 5,000-ஐ நெருங்கியது. 1947-க்குப் பிறகு அவர்கள் லண்டனுக்கும் இஸ்ரேலுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் பிரிந்து போனார்கள்; இன்று கல்கத்தாவில் மிஞ்சியிருப்போர் விரல்விட்டு எண்ணத்தக்கவர்கள். பள்ளியின் யூதப் பழைய மாணவியர் கடல் கடந்த ஊர்களில் வங்காளமும் பாக்தாதும் கலந்த சமையலோடும், பார்க் தெரு நினைவுகளோடும் ஒருவரையொருவர் தேடிக் கண்டுகொள்கிறார்கள். பள்ளியோ மூடப்படவில்லை. அங்கே இன்று படிப்போரில் மிகப் பெரும்பாலோர் முஸ்லிம் பெண்கள்.

இதை ஒரு சமூகத்தின் முடிவு என்று எழுதுகிறவர்கள் உண்டு. நான் அப்படிப் பார்க்கவில்லை. இங்கிலாந்தின் பர்மிங்காமில் உள்ள கிங் டேவிட் தொடக்கப் பள்ளியிலும் பிள்ளைகளில் பாதிக்கு மேற்பட்டோர் முஸ்லிம்கள். அவர்கள் எபிரேயப் பாடல்களைப் பாடுகிறார்கள், கோஷர் உணவை உண்கிறார்கள். கடவுள் பக்தியும் ஒழுக்கமும் உள்ள இடம், உணவிலும் தங்கள் விதிகளுக்கு அணுக்கமான இடம் என்று அறிந்தே பெற்றோர் அதைத் தேர்ந்தெடுத்தார்கள். பிறர் பிள்ளைக்குக் கற்பிப்பவன் பெற்றவனுக்கு ஒப்பு என்ற அந்தப் பழைய கூற்றில் ‘பிறர்’ என்ற சொல் இங்கே இன்னும் சற்று விரிந்திருக்கிறது, அவ்வளவே. கல்கத்தாப் பள்ளியின் பழைய மாணவியர் என்று இன்று கணக்கெடுத்தால், உயிரோடு இருப்பவர்களில் யூதர்களைவிட முஸ்லிம் பெண்களே அதிகம் இருப்பார்கள். அந்தப் பள்ளியில் படிக்கும் பெண்களின் சீருடையில் தாவீதின் நட்சத்திரம் இன்றும் இருக்கிறது. அதைக் காலையில் துவைத்துத் தேய்த்துப் பிள்ளைக்கு அணிவித்து அனுப்புபவர்கள் அந்தத் தாய்மார்கள்தாம்.